குறியீடு (புனைகதை)

குறியீடு: கதையில் வரும் ஒரு பொருள், தன் இயல்பு மாறாமலே கதையின் மையக்கருத்தையும் சுமந்து நிற்பது. இதை ஒத்த உத்தியாக, தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை (நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை முதலியவற்றை)க் களமாகக் கொண்டு வேறொரு பொருளை உணர்த்தும் உள்ளுறை உவமத்தைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது.

தற்காலத் தமிழில் குறியீட்டுக்குச் சிறந்த சான்று, சுந்தர ராமசாமியின் (1931–2005) முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). ஊரின் சந்திப்பில் நிற்கும் மரம் மன்னராட்சி, விடுதலை, கடைத்தெருவின் பெருக்கம், நகராட்சித் தேர்தல் ஆகியவற்றைக் கண்டு, இறுதியில் மனிதரின் போட்டிக்குப் பலியாகிறது. அதன் அழிவு ஒரு காலத்தின் மறைவையும் வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் உணர்த்துகிறது.

அந்த மரம் முதலில் மரமாகவே நிழல் தருகிறது. வாசகர் அதன் பின்னரே அதில் உட்பொருள் காண்கிறார். விளக்கம் சொல்லாமல் ஆசிரியர் விலகி நிற்பதே குறியீட்டின் வலிமை.