மொட்டைக் கடுதாசியும் வெங்காயத் தோலும்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் பலவற்றில் நுழைவாயிலை ஒட்டிய சுவரில் ஒரு தகரப் பெட்டி தொங்குவதைக் காணலாம். 'புகார் பெட்டி' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒரு சிறு பூட்டும் போட்டிருப்பார்கள். வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது அவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்பவற்றுள் அதுவும் ஒன்று. பெயர் எழுதாமலும் புகார் போடலாம் என்பது ஏற்பாடு. பெட்டி தொங்கும் இடத்துக்கு நேர் எதிரே கேமரா இருக்கும் கம்பெனிகளும் உண்டு.

என்னிடம் இளங்கலை படித்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளாக இப்படியொரு கம்பெனியின் அலுவலகத்தில் பணிபுரிகிறார். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். செக்கிங் பிரிவில் வேலை செய்த பெண் ஒருவர், மேற்பார்வையாளரின் வாய்ப்பேச்சையும் கணக்கில் வராத கூடுதல் நேர வேலையையும் பற்றிப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார். கையெழுத்து தெரியக்கூடாதென்று இடக்கையால் எழுதினாராம். மூன்றாம் நாளே அவர்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிரிவு மாற்றினார்கள்; பிறகு அவராகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"காலையில வெள்ளனே வரச் சொல்றாங்கன்னு எழுதிட்டாளுங்க ஐயா. நம்ம ஊருக்காரங்களா இருந்தா நேரமேன்னுதானுங்க எழுதியிருப்பாங்க. அந்த லைன்ல தெக்கத்திப் பொண்ணு அவ ஒருத்திதான்."

பிறகு தாம் வந்த காரணத்தைச் சொன்னார். டார் என்று ஒரு மென்பொருள் இருக்கிறதாம்; அதன் வழியாக அனுப்பினால் யார் அனுப்பியது என்று எவராலும் அறிய முடியாதாம். வெளிநாட்டுப் பையருக்கே நேராக எழுதிவிடலாமா, அது பாதுகாப்பானதா என்பது அவருடைய கேள்வி. நான் தமிழ் படித்தவன், கணினி படித்தவனல்லன். ஆயினும் பெயரை மறைத்து எழுதும் கலைக்கு நம்மிடையே நெடிய வரலாறு உண்டு என்பதால் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் தேறியவற்றை இங்கே தொகுத்துக் கூற முயல்கிறேன்.

*

பெயரில்லாமல் எழுதப்பட்டதை 'மொட்டைக் கடுதாசி' என்கிறது நம் பேச்சு வழக்கு. சொல்லிலேயே சற்று இகழ்ச்சி தொனிக்கிறது. ஆனால் நம் இலக்கிய மரபு பெயரின்மையை இகழ்ந்ததில்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் ஆகியோரின் இயற்பெயர் என்னவென்று எவருக்கும் தெரியாது. அவர்கள் ஆண்ட ஒரு தொடரையே தொகுத்தவர்கள் பெயராகச் சூட்டிவிட்டார்கள். பெயர் அழிந்தாலும் சொல் ஆளைக் காட்டிக்கொண்டே நிற்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டியதில்லை.

அச்சு ஊடகம் வந்த பின்னர், பெயரை மறைப்பது உயிரைக் காப்பதோடு தொடர்புடையதாயிற்று. 1908ஆம் ஆண்டு சென்னையில் 'இந்தியா' இதழின்மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, இதழின் உயிராக விளங்கியவர் பாரதியார். பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் இருந்தவரோ சீனிவாசன். கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவர் சீனிவாசனே. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று 1918 வரை அங்கே வாழ்ந்தார். ஒருவருடைய மறைவுக்கு இன்னொருவர் விலை கொடுத்த நிகழ்ச்சி இது. பெயரை மறைக்கும் ஏற்பாடு எதுவாயினும், 'அந்தப் பெயர் இப்போது யாரிடம் இருக்கிறது?' என்ற கேள்வியை அது எழுப்பியே தீரும்.

இக்கேள்வியின் கொடுமையைச் சுதந்திர இந்தியாவும் கண்டிருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். அக்கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் பயணம் செய்தது. 2003 நவம்பர் 27 அன்று கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்றே சி.பி.ஐ. முடிவுக்கு வந்தது, 2010இல் மூவர் தண்டிக்கப்பட்டார்கள். எனினும் கடிதத்தைப் பெற்றவர்கள் அவருடைய பெயரைக் காக்கவில்லை என்ற உண்மை மாறவில்லை. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக, 2004இல் இத்தகைய புகார்களை மத்திய கண்காணிப்பு ஆணையம் பெறுவதற்கு வழிசெய்யும் தீர்மானம் வந்தது. 2014இல் ஒப்புதல் பெற்ற சட்டமோ, புகார் தருபவர் தம்மை இன்னார் என்று காட்டாவிடில் நடவடிக்கை இல்லை என்கிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் (2013) பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து எழுத்து வடிவப் புகாரையே எதிர்பார்க்கிறது. புகாரின் படி ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. குற்றம் சாட்டப்பட்டவரும் தம் தரப்பைச் சொல்ல வேண்டுமல்லவா? அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏழு நாளையும் அதன் பிறகான நாட்களையும் ஒரே கூரையின்கீழ் கழிக்க வேண்டியவள் அந்தப் பெண்தான்.

*

பெயரைப் பெற்றுக்கொள்பவரை நம்ப முடியாது. ஆகவே எவரிடமும் முழுப்பெயர் இல்லாதபடி ஒரு தபால் முறையை அமைக்க இயலுமா? 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கோல்ட்ஷ்லாக், ரீட், சைவர்சன் என்ற மூவர் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். அவர்கள் கண்ட முறைக்கு 'ஆனியன் ரௌட்டிங்' என்று பெயர்.

தபாலைக் கொண்டே இதை விளக்கலாம். ஒரு கடிதத்தை மூன்று உறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இடுகிறோம். முதல் தூதர் வெளியுறையைப் பிரித்தால் இரண்டாம் தூதரின் முகவரி மட்டுமே தெரியும். இரண்டாமவருக்கு முதலாமவரும் மூன்றாமவரும் மட்டுமே தெரிவார்கள். மூன்றாமவர் பெறுநரை அறிவார், அனுப்பியவரை அறியார். அனுப்பியவரையும் பெறுநரையும் ஒருசேர அறிந்தவர் இடையில் எவருமில்லை. வெங்காயம் போல உரிக்க உரிக்கத் தோல், அதனாலேயே அப்பெயர்.

இம்முறையை ராணுவம் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கு ஏன் கொடுத்தது என்பது வியப்பூட்டும் செய்தி. கடற்படையினர் மட்டும் அவ்வழியே செல்வார்களாயின், அவ்வழியே செல்பவர் எவரும் கடற்படையினர் என்று தெரிந்துவிடும். மறைவதற்குக் கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தில் பலதரப்பட்டவர்களும் வேண்டும். ரோஜர் டிங்கில்டைன், நிக் மேத்யூசன் ஆகிய இளைஞர்கள் சைவர்சனுடன் சேர்ந்து உருவாக்கிய டார் வலையமைப்பு 2002இல் இயங்கத் தொடங்கியது. 2006இல் அதற்கென லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. வலையமைப்பின் கணினிகளை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களே நடத்துகிறார்கள்.

*

இனி அதன் குறைகள். டார் தோற்ற வரலாறு டார் தோன்றிய வரலாற்றைவிடப் பாடம் நிறைந்தது.

முதற்பாடத்தில் இந்தியாவும் இடம்பெறுகிறது. 2007 ஆகஸ்டில் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்ற கணினிப் பாதுகாப்பு ஆலோசகர், நூறு மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை இணையத்தில் வெளியிட்டார். பல நாட்டுத் தூதரகங்களின் கணக்குகள் அவற்றுள் இருந்தன. இந்தியத் தூதரகங்களும், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமாகிய டி.ஆர்.டி.ஓ.வைச் சார்ந்த கணக்கும் பட்டியலில் இருந்தன. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. டார் வலையமைப்பில் கடைசித் தூதராக ஐந்து கணினிகளை நிறுத்தி, தம் வழியே சென்றவற்றைப் படித்தார், அவ்வளவே. கடைசி உறையும் பிரிந்த பின் உள்ளே இருந்த கடிதம் திறந்தே கிடந்தது. டார் அனுப்பியவரை மறைக்கும். கடிதத்தைப் பூட்டித் தருவதாக அது என்றும் வாக்களித்ததில்லை. இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணியவர்களே அகப்பட்டார்கள். இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பூட்டோடு இயங்குவதால் இந்த அபாயம் பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் அப்பாடம் பழையதாகவில்லை.

2013 ஆகஸ்டில், டார் உலவியின் பழைய பதிப்பில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் பயனர்களின் உண்மையான கணினி முகவரிகள் திரட்டப்பட்டன. அவ்வோட்டையை அடைத்த புதிய பதிப்பு முன்பே வந்திருந்தது, புதுப்பித்துக்கொள்ளாதவர்களே சிக்கினார்கள். 2014இல் சில மாதங்கள் வலையமைப்புக்குள்ளேயே வேவுக் கணினிகள் தூதர் வேடத்தில் இருந்தது தெரியவந்து, அவை நீக்கப்பட்டன. வழியின் இரு முனைகளையும் ஒருவரே கவனிக்க முடிந்தால், நேரத்தை ஒப்பிட்டு ஆளை ஊகிக்கலாம் என்ற குறை இன்றும் முற்றாகத் தீரவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஹார்வர்டு பல்கலைக்கழக நிகழ்ச்சிதான். 2013 டிசம்பரில் தேர்வைத் தள்ளிப்போட நினைத்த மாணவன் ஒருவன், வெடிகுண்டு மிரட்டலை டார் வழியே அனுப்பினான். டாரை எவரும் உடைக்கவில்லை. அந்நேரத்தில் பல்கலைக்கழகத்தின் வைஃபையில் இருந்தபடி டாரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தார்கள், சென்று கேட்டார்கள், அவன் ஒப்புக்கொண்டான். அந்த லைனில் 'வெள்ளனே' என்று எழுதக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அந்த வளாகத்திலும் அவ்வழியே சென்றவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் மறைவிடங்கள் குறுகியே வந்துள்ளன. 2011ஆம் ஆண்டு விதிகள், இணைய மையத்துக்கு வருபவரின் அடையாளச் சான்றைப் பெற்று ஓராண்டு பதிவேடு வைக்கச் சொல்லின. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஆணையிட்டது. அதன்பின் வெளிநாட்டு நிறுவனங்கள் சில இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன. வி.பி.என். என்பது ஒரே தூதரை நம்புவது. துபேயின் கடிதத்தைப் பெற்ற அலுவலகத்தைப் போல, பெயரும் செய்தியும் அங்கே ஒரே கையில் இருக்கின்றன.

அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது, திருப்பூர் எப்படிக் கலங்கியது என்பதை நேரில் கண்டவன் நான். ஊர் திரும்பும் கூட்டம் ரயில் நிலையத்தில் நின்றது. முதலில் சொன்னவர் யாரென்று தெரியாத சொல் என்ன செய்யும் என்பதை அந்நாட்கள் காட்டின. ஆனால் அப்பொய்யைப் பரப்பியோர் பலர் தம் பெயரோடும் முகத்தோடுமே பரப்பினார்கள் என்பதையும் மறக்கலாகாது. பெயர் இருப்பது மெய்ம்மைக்கு உறுதியுமன்று. பெயர் இல்லாதது பொய்ம்மைக்குச் சான்றுமன்று.

*

மாணவர் மறுமுறை வந்தபோது நான் கற்றதைச் சொன்னேன். கம்பெனிக் கணினியிலோ கம்பெனி வைஃபையிலோ அதைத் திறக்கக் கூடாது. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இணைப்பு கிடைக்காவிடில், கணினியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது பெரிதும் தவறியிருந்தால் டார் இணைவதில்லை. வேகம் குறைவாகவே இருக்கும். மூன்று தூதரைக் கடந்து வருவதற்குக் கொடுக்கும் விலை அது. அதனுள் இருந்துகொண்டே தம் சொந்த மின்னஞ்சலைத் திறந்தால் எல்லா உறைகளிலும் தம் பெயரையே எழுதியதாகும். இணைக்கும் படத்தில் எடுத்த நாளும் இடமும், கோப்பில் கணினிக்கு உரியவர் பெயரும் ஒளிந்திருக்கக்கூடும்.

"இத்தனையும் செஞ்சா போதுமுங்களா ஐயா?" என்றார்.

போதாது என்றேன். உறையைத்தான் மென்பொருள் மறைக்கிறது. உள்ளே எழுதும் தமிழை மறைப்பதில்லை. 'இந்தியா' இதழில் பெயரின்றி வந்த கட்டுரைகளுள் பாரதியாருடையவை எவை என்று பிற்கால ஆய்வாளர்கள் நடையையும் சான்றாகக் கொண்டே ஆராய்ந்தார்கள். அவர்கள் அன்போடு செய்த வேலையை மேற்பார்வையாளர் ஒருவர் வேறு நோக்கத்தோடு மூன்று நாளில் செய்துவிட்டார். ஆகவே அந்தப் பிரிவில் இருப்பவர்கள் பத்துப் பேராவது சேர்ந்து பேசி, யாருக்கு மட்டும் நடந்தது என்று பிரித்தறிய முடியாதவாறு எழுதுங்கள் என்றேன். பாடநூல் தமிழில் எழுதுங்கள் என்றும் சொன்னேன். ஊர் மணமில்லாத நடை என்று இலக்கிய நண்பர்கள் குறை கூறும் அதே தமிழ்தான். வட்டார வழக்கின் அருமையை வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பேசி வருபவன் இப்படிச் சொல்ல நேர்ந்ததே என்ற கூச்சம் எனக்கு இருந்தது.

சில நாள் கழித்து வரைவைக் கொண்டுவந்து காட்டினார். ஒற்றுப் பிழைகளை நான் திருத்தவில்லை. திருத்தினால் அது என் நடையாகிவிடும். அதில் ஓரிடத்தில் 'அதிகாலையிலேயே வரச் சொல்கிறார்கள்' என்று இருந்தது. எந்த ஊர்க்காரர் எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை.