ஏன் இந்தப் பிள்ளை வரலாறு எடுத்துச்சு?



நம்ம தஞ்சோங் ரம்புத்தான் கோயிலில் தேவாரம் பாடும் பிள்ளை ஒருத்தி, எஸ்.டி.பி.எம். முடித்து இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பாத்திரம் கழுவும்போது ரெண்டு மூணு பேர் கேட்டார்கள்: "நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே, ஏன் இதைப் போய் எடுத்துச்சு?" அவள் அம்மாவுக்கும் அதே கவலைதான். அதில் எங்களுக்கும் பங்கு இருப்பதால் நாங்களே எழுதுகிறோம்.

சில வருஷத்துக்கு முன் திருப்பணிக்காக ஸ்டோரைக் காலி செய்தோம். ஒரு தகரப் பெட்டியில் பழைய வரவு செலவு நோட்டுகள், உபயக்காரர் பெயர்கள், கோயில் வரி ரசீதுகள். பாதி கறையான் அரித்தது. இடத்தை அடைக்குதுன்னு பின்னால் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டோம்.

பிறகு கும்பாபிஷேக மலருக்குத் தல வரலாறு எழுத உட்கார்ந்தால் கையில் ஒன்றுமில்லை. "நூறாண்டு பழமை வாய்ந்த ஆலயம்" என்று போட்டோம். பிழை பார்த்த அந்தப் பிள்ளை, "அங்கிள், நூறு வருஷம்னு எப்படித் தெரியும்?" என்றாள். பெரியவங்க சொன்னது என்றோம். "எந்தப் பெரியவங்க?" எங்களிடம் பதில் இல்லை.

அவளே ஒரு பாட்டியைத் தேடிப் போனாள். பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, லயத்து வீடு, கிராணியின் செக்ரோல் எல்லாம் சொன்னார். அவருடைய அப்பாவை இங்கே கூட்டி வந்தவர் ஒரு கங்காணி; அப்பா வந்து சேர்ந்தபோதே மரத்தடியில் சூலம் இருந்ததாம். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. அப்படியென்றால் சூலம் அதற்கும் முந்தியது! மலரில் "நூறாண்டு" போய் "1938-க்கு முன்பே" என்று வந்தது. பெருமை கொஞ்சம் குறைந்ததுபோல் எங்களுக்கு இருந்தது, உண்மைதான். ஆனால் இதை யார் கேட்டாலும் சொல்லலாம்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாக அவள் சொல்கிறாள்.

நம்மவர்களைப் பற்றிப் பெரிய நூல்கள் இல்லாமல் இல்லை. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969-இல் வந்தது, யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970-இல். ஆனால் அவை நாடு முழுமைக்கும் எழுதியவை. நம்ம தோட்டத்து மரத்தடி அதில் வராது. நம்ம ஊர் பேரைச் சொன்னாலே வெளியாட்கள் சிரிப்பார்கள், 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையை நினைத்து. "நமக்கு அது மட்டும்தானா அங்கிள் வரலாறு?" என்று கேட்கிறாள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பக்கத்து சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அந்தப் பணத்தைக் கட்டிய குடும்பங்களின் கதையும் அவளுக்கு வேண்டுமாம்.

வேலை கிடைக்குமா? 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். ஆசிரியர் தேவைதானே என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

செமஸ்டர் விடுமுறைக்கு அவள் வருகிறாள். உங்கள் வீட்டில் பழைய சம்பளச் சீட்டு, கோயில் ரசீது, திருவிழாப் படம், தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ் எது இருந்தாலும் கோயில் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவாள். கறையான் அரித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுடாதீங்க.