மயிலாடிக்குக் கூப்பிட்டது யார்?

மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். கப்பல் வருகிறது. வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் இறங்குகிறார். பாஷை தெரியாது, வெயில் தாங்காது, காய்ச்சல். அப்புறம் மெள்ள மெள்ள அந்த மண்ணில் காலூன்றுகிறார். சபை உண்டாகிறது, பள்ளிக்கூடம் உண்டாகிறது. அங்கே இருந்த ஜனங்கள்? பேரில்லாத கூட்டமாக ஓரத்தில் நிற்கிறார்கள். நம்மை ஏசுகிறவர்கள் எழுதும் வரலாறும் இதே அச்சுதான். வெள்ளைக்காரன் வந்தான், கோதுமையும் பால்பவுடரும் காட்டினான், சேரி ஜனம் போய் விழுந்தது. புகழ்கிறவருக்கும் பழிக்கிறவருக்கும் நாம் கையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கதைகளுக்கும் எதிர்சாட்சியாக ஓர் ஊர் இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி. அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடி.

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770இல் சைலீசியாவில் பிறந்தவர். ஜெர்மனியில் ஹாலேயில் படித்தவர். இருபத்தேழு வயதில், 1797இல், முதல் தடவையாக இந்தியா வந்தார். வந்தது கல்கத்தாவுக்கு. லண்டனிலிருந்த ஒரு சங்கம் அனுப்பியது, வந்தார். அது கம்பெனிக்காரர்களின் பட்டணம். அங்கே அவருக்குக் கால் பாவவில்லை. 1799இல் ஐரோப்பாவுக்கே திரும்பிவிட்டார். இதே மனிதர்தான் பிறகு லண்டன் மிஷன் சார்பில் 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, தென்கோடியில் பல வருஷம் தங்கினார். கல்கத்தாவில் இரண்டு வருஷம் தங்க முடியாதவர் மயிலாடியில் எப்படித் தங்கினார்? வரலாறுகள் இதை விசுவாசம் என்கின்றன, வைராக்கியம் என்கின்றன. இருக்கட்டும். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். கல்கத்தாவில் அவரைக் கூப்பிட்டவர் என்று ஒருவருடைய பேரும் இல்லை. மயிலாடியில் கூப்பிட்டவருக்குப் பேர் இருக்கிறது.

அவர் பெயர் மகாராசன். சாம்பவர், அதாவது பறையர். பெயரில் மகாராசன், வாழ்க்கையில் தீண்டாதவன். சிதம்பரத்துக்கு யாத்திரை போய்விட்டுத் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே மிஷனரி கோலாஃப் நடத்திய ஆராதனையைக் கேட்டார். 1799 வாக்கில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சிதம்பரம் வரை நடந்துபோன பறையனுக்கு நந்தனின் கதை தெரியாமலா இருந்திருக்கும்? அங்கே வெளியே நின்றவர், இங்கே உள்ளே உட்கார்ந்து கேட்டார். ஊருக்குத் திரும்பித் தன் ஜனத்திடம் பேசினார். சிலர் சேர்ந்தார்கள். உபத்திரவம் வந்தது, சிலர் பின்வாங்கினார்கள்.

மறந்துவிடாதீர்கள். அப்போது ரிங்கல்தௌபே இந்தப் பக்கம் வரவேயில்லை. மிஷனரி வருவதற்கு முன்னாடியே மயிலாடியில் சபை முளைத்தாயிற்று.

திருவிதாங்கூர் அன்றைக்கு எப்படி இருந்தது? பறையரும் புலையரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். கூலியில்லாத ஊழியம், தலைவரி, மேல்சாதிக்காரன் கண்ணில் படாமல் விலகிப்போக வேண்டிய தூரக்கணக்கு எல்லாம் இருந்தன. இந்த ஊரே வேண்டாம், தஞ்சாவூர்ப் பக்கம் குடிபெயர்ந்து போய்விடலாம் என்று வேதமாணிக்கம் இடம் தேடிப் போனதாகச் சபை வரலாறுகள் சொல்கின்றன. அந்தத் தேடலில்தான் தரங்கம்பாடியில் ரிங்கல்தௌபேயைச் சந்தித்து, எங்க ஊருக்கு வாங்க என்று கேட்டார். குடியேற இடம் கேட்டுப் போனவர், ஒருவரைத் தன் இடத்தில் குடியேற்றிவிட்டார். நம்ம ஆட்கள் சொந்த ஊரிலேயே இருப்பதற்குக் கண்டுபிடித்த வழி அது.

1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தார். ஆலயம் கட்டத் திருவிதாங்கூர் அரசு உடனே அனுமதிக்கவில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வந்துபோனார். 1809 தொடக்கத்தில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி நடந்தது. தேச வரலாற்றில் அவர் வெள்ளையனை எதிர்த்த வீரர். ஆனால் அந்த நாட்களில் வேதமாணிக்கமும் அவர் ஜனமும் மலையில் ஒளிந்து உயிர் பிழைத்ததாகச் சபை வரலாறு சொல்கிறது. ஊருக்கு வீரம், சேரிக்கு ஓட்டம். கிளர்ச்சி அடங்கி, ரெசிடெண்டு கர்னல் மெக்காலேயின் ஆதரவும் சேர்ந்த பிறகு, 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. இதில் கம்பெனி அதிகாரத்தின் பங்கு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரெசிடெண்டின் கடிதம் வருவதற்கு முன்னால் ஒரு பறையனின் அழைப்பு வந்துவிட்டது.

ரிங்கல்தௌபே எப்படி வாழ்ந்தார்? உள்ளூர்க் குடிசை, தட்டுமுட்டுச் சாமான் ஒன்றிரண்டு, தலையில் நாட்டு ஓலைத் தொப்பி. சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் ஏழைகளுக்குப் போய்விடும். ஆலயம் வருகிறவர்கள்மேல் அவருக்குச் சந்தேகமும் உண்டு. வரியிலிருந்து தப்பவும் வழக்கில் துணை தேடவும் வருகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். நான் கேட்கிறேன், தப்ப நினைத்தால் அதில் என்ன கேவலம்? அடிமையாக விற்கப்படுகிறவன் விடுதலை கேட்பது உலக ஆசையா? ஆத்துமாவை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு வா என்று பசித்தவனிடம்தான் சொல்ல முடிகிறது.

1816இல் உடம்பு கெட்டு ரிங்கல்தௌபே புறப்பட்டார். கொழும்பு வழியாகக் கிழக்கே கப்பலேறியவரின் முடிவு என்னவென்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. போகும்போது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டுப் போனார். இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தரங்கம்பாடி மிஷனில் பதினெட்டாம் நூற்றாண்டில் ராஜநாயக்கன் என்ற பறையர் உபதேசியார் அருமையாக ஊழியம் செய்தார். ஆனால் 1733இல் குருப்பட்டம் கிடைத்தது வேளாளரான ஆரோனுக்கு. பறையன் கையால் வேளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்து ராஜநாயக்கனுக்குப் பட்டம் கொடுக்கவேயில்லை. அங்கே தடுக்கப்பட்ட கை, இங்கே ஒரு சபைக்கூட்டத்தையே தாங்கியது. 1818இல் சார்லஸ் மீட் வரும்வரை ஏறக்குறைய இரண்டு வருஷம் வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. சபை கலைந்துவிடவில்லை.

மீட் வந்த பிறகு மிஷனின் மையம் நாகர்கோவிலுக்குப் போனது. பங்களா கிடைத்தது. வயல் வாங்க ராணி 5,000 ரூபாய் கொடுத்தார். மீட் கொஞ்சகாலம் அங்கே நீதிபதியாகவும் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் வளர்ந்தது, நம் பிள்ளைகளும் படித்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் குடிசையில் தொடங்கியது பங்களாவுக்கு மாறியபோது, கூப்பிட்டவன் விருந்தாளியானான். பிறகு வந்த கதைகளில் அவன் "முதல் கனி" ஆனான். கனி என்றால் என்ன? யாரோ பறிப்பது. வேதமாணிக்கம் கனியில்லை, விதைத்தவர்.

அந்நிய தேசத்தில் தனியாக வந்து காலூன்றினார் என்று யாரைப் பற்றிப் படித்தாலும், அவருக்குக் கூரை வேய்ந்தவர் யார், தண்ணீர் மொண்டு கொடுத்தவள் யார், பாஷையைத் திருத்தியவர் யார் என்று கேளுங்கள். மயிலாடியில் ஓர் ஆணின் பேராவது மிஞ்சியது. அவர் வீட்டுப் பெண்களின் பேர் ஊர் வாயில் இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் கிடைக்கிற சபைகளில் போய் உட்காருங்கள். பேர்களை எடுத்து எழுதுங்கள். கிழவர் கிழவிகள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நாம் இடம் கொடுத்தவர்கள். அதை நாமே எழுதாவிட்டால், கை நீட்டியவர்கள் என்றுதான் அடுத்தவன் எழுதுவான்.