ஈய எழுத்திலிருந்து மின்னெழுத்துக்கு

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல்களையும் ஆசிரியர்களையும் பற்றி விரித்துரைப்பர். அந்நூல்களை உருவாக்கிய கருவிகளைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்வர். ஆயினும் எழுத்து மக்களைச் சென்றடைவதும், அடையாமற் போவதும் பல வேளைகளில் அக்கருவிகளைப் பொறுத்தே அமைகின்றன. தமிழ் மின்பதிப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றில் மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் முன்னணியில் நின்றனர் என்பது நாம் மறத்தற்கரிய செய்தி.

சிங்கப்பூரில் 1887-இல் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கிய காலத்திலும், 1924-இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’, 1935-இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ ஆகியவை தோன்றிய காலத்திலும், இதழ் நடத்துவோர்க்கு ஈய எழுத்துகளும் அவற்றைக் கோக்கும் தொழிலாளரும் இன்றியமையாதவர்களாக இருந்தனர். செலவும் உழைப்பும் மிகுந்த முறை அது. எனினும் அதற்கொரு பெருஞ்சிறப்பு இருந்தது. எந்த அச்சகத்தில், எவ்வகை எழுத்தில் அச்சிடப்பட்டாலும், தமிழறிந்த எவரும் அந்த ஏட்டைப் படித்துவிடலாம். அச்சகம் தனியாருடையது, அச்சேறிய எழுத்தோ அனைவருக்கும் பொதுவானது.

கணினி வந்தபோது இந்நிலை மாறியது. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. அக்காலக் கணினிகள் ஓர் எழுத்துருவில் 256 இடங்களை மட்டுமே கொண்டிருந்தன. அவற்றுள் முற்பாதியை ஆங்கிலமும் பொதுக்குறிகளும் பிடித்துக்கொண்டன. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழை எஞ்சிய இடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்ததால், எழுத்துகளைத் துண்டுகளாக்கி இடமளித்தனர். ‘கொ’ என்னும் எழுத்து ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பதிவாயிற்று. எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வோர் எழுத்துரு அமைப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். அதன் விளைவாக, ஒரு கணினியில் செம்மையாகத் தோன்றிய கட்டுரை, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளின் கூட்டமாகக் காட்சியளித்தது. தாளில் அச்சிடும் அளவில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. இணையம் வந்து, எழுத்து கணினி விட்டுக் கணினி பயணம் செய்யத் தொடங்கியபோதுதான் இதன் தீமை முழுமையாக வெளிப்பட்டது.

இச்சிக்கலைத் தீர்க்க நம் நாடுகளில் இருவர் ஆற்றிய பணி தனியே குறிப்பிடத்தக்கது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனாகிய முத்து நெடுமாறன், மலேசியாவில் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்த அது, பன்னாட்டுத் தமிழர் தமிழிலேயே மடல் எழுத வழிவகுத்தது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை அமைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத் தொகுப்பை அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கி வைத்தபோது, தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே திரையில் தோன்றியதற்கு அவருடைய உழைப்பே காரணமாகும். 1999-இல் அவர் மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

தனித்தனி முயற்சிகள் எவ்வளவு சிறந்தவையாயினும், பொது உடன்பாடு இன்றேல் பயனில்லை என்பதை அறிஞர்கள் விரைவில் உணர்ந்தனர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் உருவாயின. அதே காலத்தில் இணையவழிக் கலந்துரையாடல்களால் ‘திஸ்கி’ என்னும் மற்றொரு முறையும் பிறந்தது. 2000-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற மாநாட்டில் ‘உத்தமம்’ என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது.

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தும் யூனிகோடு முறை 1991-லேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. ஆனால் இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு 2010-இல் அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இம்முறையில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் எனப் பதிவாகும். கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமைப்பது எழுத்துருவின் பொறுப்பு. எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது. ஈய எழுத்துக் காலத்தில் இருந்த பொதுமை இவ்வாறு தமிழுக்கு மீண்டும் கிடைத்தது.

பொது உடன்பாட்டின் பயனை ‘மதுரைத் திட்டம்’ நன்கு விளக்கும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் திருநாளில் இதனைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். திஸ்கி முறையில் இருந்த அந்நூல்கள், அம்முறையின் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால், பின்னர் யூனிகோடுக்கு எளிதாக மாற்றப்பட்டன. மறைவான தனியெழுத்துருக்களில் உருவான நூல்களுக்கு இந்த நற்பேறு வாய்ப்பது அரிது.

இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2007-இல் வகுக்கப்பட்ட ‘ஈபப்’ என்னும் மின்னூல் வடிவம், இயல்களை இணையப் பக்கங்களைப் போல அமைத்து, பொருளடக்கத்தோடும் நூல் விவரத்தோடும் ஒரே பொதியாகக் கட்டுகிறது. கைப்பேசித் திரைக்கேற்ப வரிகள் தாமே மடங்கி அமையும். பிடிஎஃப் வடிவமோ தாளின் அளவை மாற்றாமல் வைத்திருப்பதால் அச்சுக்குச் சிறந்தது. சிறு திரையில் படிப்போர்க்குத் தொல்லை தருவது. ஈபப் நூல்களை உருவாக்கவும் திருத்தவும் ‘சிகில்’, வடிவம் மாற்றவும் தொகுத்து வைக்கவும் ‘காலிபர்’ ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அமேசான் நிறுவனம் 2016-இல் தன் கிண்டில் தளத்தில் தமிழ் நூல்களுக்கு இடமளித்தது. சிங்கப்பூரில் சமூகத்தின் ஒத்துழைப்போடு ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்மயமாக்கப்பட்டு, 2015-இல் தேசிய நூலகத்தின்வழி மக்களுக்கு வழங்கப்பட்டன.

ஆயினும் 1980-களிலும் 1990-களிலும் கணினியில் கோக்கப்பட்ட நம் சிற்றிதழ்கள், ஆண்டு மலர்கள், தொகுப்பு நூல்கள் ஆகியவற்றின் நிலை யாது? அச்சுப்படி கையில் இருக்கும்வரை அவை பிழைத்திருக்கும். அவற்றின் கோப்புகளோ, அவற்றைக் காட்டும் எழுத்துருக்கள் வழக்கொழியுந்தோறும் ஊமையாகிவிடும். பக்கங்களைப் படம் பிடித்து வைத்தல் முதற்படியே. படத்தினுள் ஒரு சொல்லைத் தேடி எடுக்க இயலாது. எழுத்தாக மாற்றி, மெய்ப்புப் பார்த்து வைத்தால்தான் ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் அவை பயன்படும்.

ஆகவே, நூல் வெளியிடும் எழுத்தாளரும் சங்கங்களும் அச்சகத்தாரிடமிருந்து நூற்படிகளைப் பெறுவதோடு அமையாமல், யூனிகோடு எழுத்தில் அமைந்த மூலக்கோப்பையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதன் ஒரு படியை நூலகத்திலும் ஒப்படைத்தல் வேண்டும். 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளேடு 2019-இல் நின்றுபோனதை நாம் கண்டோம். ஏடுகள் நிற்கலாம், அவற்றில் எழுதப்பட்ட எழுத்து நிற்றல் ஆகாது. அதனைக் காக்கும் கருவிகளை நம்மவரே முன்னின்று உருவாக்கித் தந்துள்ளனர். அவற்றைக் கைக்கொள்வது நம் கடமையாகும்.