சைக்கிளினின்று இறங்கிய காலம்

பழம்பொருள் என்றால் நம்மவர்க்குக் கற்கோயிலும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நினைவுக்கு வரும். துருவேறிய சைக்கிள் ஒன்றும் சரித்திரம் கூறும் என்றால் நகைப்பவரே மிகுதி. ஆயினும், மலாயாவில் ரப்பர் மரத்தை நம்பிப் பிழைத்த தமிழனின் கதையைச் சொல்வதற்குக் கோயிலைக் காட்டிலும் சைக்கிளுக்கே உரிமை அதிகம் என்பது நமது துணிபு.

நமது வீட்டின் பின்கட்டில், பாட்டனார் காலத்துச் சைக்கிள் ஒன்று பல்லாண்டுகளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. போருக்கு முன் வாங்கிய இங்கிலீஷ் வண்டி அது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக், செயினை முழுவதும் மூடும் தகரப் பெட்டி. பாட்டனார் தோட்டத்துக் கிராணியாயிருந்தவர், நாமும் கிராணியே. சென்ற ஆண்டு விடுமுறை நாட்களில் அதனைப் பிரித்துச் சீர்செய்ய முற்பட்டோம். இறுகிய மறைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தளர்த்தினோம்; அச்சுக் குண்டுகளைக் கழுவிப் புதிதாய்க் கிரீஸ் இட்டோம்; கம்பிகளை ஒவ்வொன்றாய் முறுக்கிச் சக்கரத்தின் கோணலை எடுத்தோம். வர்ணம் மட்டும் பூசவில்லை. பழைய கறுப்பும் அதன்மேல் ஓடிய பொற்கோடும் மங்கியிருப்பினும், அவையே வண்டியின் பிறப்புச் சான்று. அவற்றைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பு ஏற்றுபவன், எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையைப் போற்றுபவனுக்கு ஒப்பாவான்.

வண்டி சீராயிற்று, அதன் வரலாற்றையும் அறிய அவாவினோம்.

1817 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்னும் பிரபு, மரச்சட்டம் ஒன்றில் இரு சக்கரங்களை முன்பின்னாகப் பூட்டி, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டியை ஓட்டிக் காட்டினார். அதில் மிதியும் இல்லை, செயினும் இல்லை. இவரைப்பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 1849 இல் பாடன் நாட்டில் மக்கள் கிளர்ச்சி எழுந்தபோது, டிரைஸ் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, வெறுங் குடிமகன் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அவருடைய ஓய்வூதியம் பறிக்கப்பட்டது, 1851 இல் வறியவராய் மாண்டார். இருசக்கர வண்டியின் தந்தை பிறப்பினால் வரும் உயர்வை உதறியவர் என்பதை வாசகர்கள் மனத்தில் வைப்பார்களாக.

1860 களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தினர். பின்னர் முன்சக்கரத்தை ஆளுயரம் பெருக்கினர். அதில் ஏறுவதும் விழுவதும் செல்வர் வீட்டு வாலிபர்களின் வீர விளையாட்டாயிற்று. 1885 இல் இங்கிலாந்தின் காவென்டிரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறக்குறையச் சமமான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் அமைந்த ரோவர் வண்டியைச் செய்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிள் அதன் வழிவந்ததே. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியரான ஜான் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து உரிமை பெற்றார். எலும்பை நொறுக்கிய வண்டி அன்றுமுதல் ஏழைக்கும் ஏற்ற வண்டியாகத் தொடங்கிற்று.

நமது கதை இங்கேதான் அதனோடு இணைகிறது. 1876 இல் பிரேசில் தேசத்து ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1877 இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டார். 1896 இல் டான் சாய் யான் என்னும் சீனர் மலாக்காவில் ரப்பரைப் பயிரிட்டார். மோட்டார் கார் பெருகுமுன்னரே சைக்கிள் மோகம் மேனாடுகளில் ரப்பருக்கு மவுசு தேடித் தந்திருந்தது. கார் பெருகியதும் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர், அந்தத் தோட்டங்களிற் பால் வெட்டினர்.

உலகத்தார் ஓட்டிய சைக்கிளின் டயரில் நம்மவர் வியர்வை கலந்திருந்தது. ஆனால், அந்தச் சைக்கிளில் நம்மவர் தலைநிமிர்ந்து அமர முடிந்ததா? இல்லை. தோட்டச் சாலையில் சைக்கிளிற் செல்லும் பாட்டாளி, எதிரே துரையோ கிராணியோ வரக் கண்டால் இறங்கி நிற்றல் வேண்டும் என்பது அக்காலத் தோட்டங்களின் எழுதாச் சட்டம். தன் கூலியைச் சேர்த்துத் தான் வாங்கிய வண்டியிலிருந்து தானே இறங்க வேண்டும்! ஊரில் தெருவுக்குத் தெரு கண்ட தீண்டாமை, கடல் கடந்து வந்து சைக்கிளில் ஏறிக்கொண்டது எனலாம்.

1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்துக்குக் காப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, வெள்ளைத் துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளினின்று இறங்காமல் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. காசு பெறாத கோரிக்கை அது. ஆயினும் மானம் பெற்ற கோரிக்கை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சிலாங்கூரில் பட்டாளம் இறங்கிற்று. பாட்டாளிகள் சுடப்பட்டு மாண்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் 8 இல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். அவர்கள் படையில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தனர். டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினர். இரவில் அவ்வோசையை டாங்கிகளின் ஓசை என மயங்கியவரும் உண்டு. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தொழிலாளி இறங்கி நின்ற சாலைகளின் வழியே துரைமார் ஓடினர். ஆனால் வந்தவர்களும் விடுதலை கொணரவில்லை. நம்மவரில் எண்ணற்றோரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசென்று மாளச் செய்தனர். எசமான் மாறினால் இழிவு மாறிவிடாது என்பது அக்காலம் தந்த பாடம்.

இனி நமக்கு நேர்ந்ததைக் கூறுவோம். சீர்செய்த சைக்கிளில் ஒரு ஞாயிறு காலை தோட்டச் சாலையில் சென்றோம். வேலையிலிருந்து ஓய்ந்து, எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் எதிரே நடந்து வந்தார். வண்டியைக் கண்டதும் நின்றார். பொற்கோட்டை விரலால் தடவினார். “ஐயா, இது உங்க தாத்தா வண்டியாச்சே. இது வர்ற சத்தம் கேட்டாலே எங்கப்பா கீழே இறங்கி ஓரமா நிப்பாரு. நான் பின்சீட்டிலே உட்கார்ந்திருப்பேன், என்னையும் இறக்கிவிடுவாரு” என்றார். அவர் குரலில் பகை இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. பாட்டனார் நல்லவர் என்றே நம் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அவர் முன் இறங்கி நின்றவரின் பிள்ளையை அதுகாறும் நாம் கேட்டதில்லை. என்ன சொல்வதென்று அறியாமல் நாம் வண்டியினின்று இறங்கினோம். “நீங்க ஏன் இறங்குறீங்க? ஓட்டிட்டுப் போங்க” என்று அவர் சிரித்தார். அன்று அவரைப் பின்சீட்டில் அமர்த்தித் தேநீர்க்கடை வரையிற் சென்றோம்.

இன்று நம் நாட்டில் பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கிப் பேணுவோர் பெருகியுள்ளனர். மலாய்ச் சகோதரர்கள் இவற்றை ‘பாசிக்கல் துவா’ என்று அன்போடு அழைத்துக் கூட்டமாய் ஓட்டிச் செல்கின்றனர். மிக நன்று. நம்மவரும் ஈயக் கடைக்குப் போகவிருக்கும் வண்டிகளைக் காப்பார்களாக. ஆனால், இரும்பைத் துலக்குவதோடு நின்றுவிடலாகாது. அது யாருடைய வண்டி, அதில் அமர்ந்தவர் யார், அதன் முன் இறங்கியவர் யார் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். சைக்கிளுக்கு மாற்று உறுப்பு கிடைக்கும், அவர்கள் நினைவுக்கு மாற்று கிடையாது.

சைக்கிள் நிற்பதற்கு அதற்குரிய இரு சக்கரமும் சமமாதல் வேண்டும் என்று ஸ்டார்லி காட்டினார். சமுதாயத்துக்கும் அஃதே விதி.