எழுத்தின் வாயில்: தமிழ்த் திருச்சபை வரலாற்றில் கற்றல் வேறுபாடு

சீர்திருத்தத் திருச்சபை நூலை மையமாகக் கொண்ட திருச்சபை. ஒவ்வொரு விசுவாசியும் தன் தாய்மொழியில் வேதத்தை வாசிக்கவேண்டும் என்னும் கொள்கையே அது சென்ற இடமெங்கும் பள்ளிகளை எழுப்பிற்று. தமிழ்நாட்டில் அதனால் விளைந்த பயனைப் பலரும் விரித்து எழுதியுள்ளனர். ஆயினும் ஒரு கேள்வி அதிகம் எழுப்பப்படவில்லை. எழுத்து எல்லாருக்கும் ஒரே வழியாய் வருவதில்லை. அவ்வாறு வாராதவர்களுக்குத் திருச்சபை என்ன செய்தது? இக்கேள்வியோடு நம் வரலாற்றின் சில பகுதிகளை இங்கே ஆராய்வோம்.

1. மணலும் விரலும்

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர், தமிழெழுத்தைச் சிறுவரோடு சிறுவராய்க் கற்றார். உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். திண்ணைப் பள்ளியின் முறை அது. பிள்ளை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லும்; சொல்லும்போதே விரலால் அதன் வடிவத்தை மணலில் வரையும். ஓலையும் எழுத்தாணியும் பின்னரே கைக்கு வரும். கண், செவி, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே கற்றன.

எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் இம்முறையைக் கண்டு வியந்து தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவிற்று.

திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்தே பேசவேண்டும் என்பதன்று. சாதியினால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. பாடம் வராத பிள்ளைக்குப் பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று அப்பள்ளி கேட்கவில்லை. அதன்பின் வந்த மிஷன் பள்ளியும் பெரும்பாலும் கேட்கவில்லை.

2. செவிவழிக் கல்வி

எழுத்தறியாத பெரியோர் சபையில் சேர்ந்தபோது, மிஷனெரிமார் வேறொரு வழியைக் கையாண்டனர். 1529இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம், வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே அமைந்தது. அது தமிழிலும் வந்தது. உபதேசியார் ஒரு வரி சொல்ல, சபையார் திருப்பிச் சொல்லினர். கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் யாவும் வாய்மொழியாகவே உள்ளத்தில் பதிந்தன. நாள் முழுதும் வயலில் உழைத்து, எழுத்தை ஒருபோதும் அறியாமல் விசுவாசத்தில் நிலைத்தவர்கள் நம் சபைகளின் அடித்தளமாயினர். விளங்காமல் ஒப்பிக்கும் குறை அம்முறையில் உண்டு. எனினும் வாசிக்க இயலாமை விசுவாசத்திற்குத் தடையன்று என்பதை அது நிலைநாட்டிற்று.

3. புள்ளி எழுத்து

1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஊரில் புளாரன்ஸ் சுவேன்சன் அம்மையார் செவிகேளாப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட முன்வந்தார். இங்கே ஒரு புதிய எண்ணம் தோன்றக் காண்கிறோம். எழுத்துக்கு ஏற்பப் பிள்ளையை வளைப்பதற்கு மாறாக, பிள்ளைக்கு ஏற்ப எழுத்தை மாற்றினார்கள். லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறையை இந்திய மொழிகளுக்குப் பொருத்தும் பணியில், நோல்ஸ் ஐயர் போன்ற மிஷனெரிமாரும் ஈடுபட்டனர். பல முறைகள் போட்டியிட்ட பின், 1951இல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது.

இம்மாற்றத்தில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அச்சுத் தமிழில் 'கொ' என்னும் எழுத்தைக் காண்க. ககரத்திற்குப் பின் ஒலிக்கும் ஒகரத்தின் குறி, பாதி முன்னும் பாதி பின்னுமாக நிற்கிறது. பிரெயிலிலோ முதலில் மெய், அடுத்து உயிர் என ஒலிக்கும் வரிசையிலேயே புள்ளிகள் அமைகின்றன. எழுத்தின் வடிவம் மாற்றவொண்ணாத தெய்வ நியமம் அன்று. மனிதர் வகுத்த ஏற்பாடு என்பதை இது காட்டுகிறது.

4. காணப்படாத இடர்ப்பாடு

பார்வையின்மையை எவரும் காணலாம். கண்ணும் செவியும் செம்மையாயிருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளையின் இடர்ப்பாட்டை யார் கண்டார்? 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை வழங்கினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், கூரிய அறிவும் கணக்கில் திறமையும் இருந்தும் வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கல்வி முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் சிறந்து விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் அதில் குறித்தார்.

பின்னர் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் முதலியோர் இத்தகையோருக்கெனப் பயிற்சி முறைகளை வகுத்தனர். ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் வரைவது அவற்றின் முக்கிய கூறு. திண்ணைப் பள்ளியின் மணல் நமக்கு நினைவுக்கு வருகிறதன்றோ! கையில் இருந்த கருவியின் பயனை முழுதும் உணராமலே நாம் அதைக் கைவிட்டோம். ல, ள, ழ எனவும், ன, ண எனவும் எழுத்துக்களைப் பிரித்தறிய இடர்ப்படும் பிள்ளை 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயர் பெற்றது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்திலும் இவ்விடர்ப்பாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டமே இதை ஏற்றது.

5. திருச்சபையின் கடமை

பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்றபோது எழுத்தறியாதவராகக் கருதப்பட்டனர் என அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் கூறுகிறது. கிரேக்க மூலத்திலுள்ள 'அக்ராமட்டோய்' என்னும் சொல் அதுவே. விசுவாசம் கேள்வியினால் வரும் எனப் பவுலும் ரோமருக்கு எழுதுகிறார். இவற்றைப் பிரசங்கிக்கும் நாமே, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளை வரிசையாய் எழுப்பி வசனம் வாசிக்கச் சொல்லுகிறோம். தடுமாறும் பிள்ளை சிரிப்புக்கிடமாகிறது. திடப்படுத்தல் வகுப்பிலும் இறையியல் கல்லூரியிலும் எழுத்துத் தேர்வே பெரும்பாலும் அளவுகோலாகிறது. அழைப்புப் பெற்றிருந்தும் விடைத்தாளுக்கு அஞ்சி ஒதுங்கியவர்களை எந்தப் பதிவேடும் கணக்கிடவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு இடமளித்தல், விரும்புவோரை மட்டும் வாசிக்க அழைத்தல், ஒலிப்பதிவு வேதாகமத்தைப் பயன்படுத்தல் ஆகியவை நம்மால் இயலாதவை அல்ல. எழுதப்படிக்கத் தெரியாத உழவருக்கு வாய்மொழியையும், பார்வையற்றோருக்குப் புள்ளியையும் வழியாக்கியது நம் திருச்சபையே. எழுத்து முன் தடுமாறி நிற்கும் பிள்ளைக்கும் அதே உரிமை உண்டு. அதை வழங்குதல் இரக்கச் செயல் என்பதினும், நம் முன்னோரிடமிருந்து நமக்கு வந்த கடன் என்பதே பொருந்தும்.