மேஸ்திரியின் சுட்டுவிரல்

“நேரம் சரியில்லை” என்றார் நண்பர். நாம் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இராயபுரத்திலே பிறந்தவர், நம்மோடு ஒரே பள்ளியில் படித்தவர். நாம் கலைப் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்தோம். அவர் பொறியியல் கற்றுக் கணினித் தொழிலுக்குப் போனார். பழைய மகாபலிபுரம் சாலையிலே கண்ணாடி மாளிகை ஒன்றில் அமர்ந்து வேலை செய்தார். செய்தாரே தவிர, அந்த மாளிகைக்கு உரியவர் ஒருநாளும் அவருக்குச் சம்பளம் தந்ததில்லை! கடல் கடந்த நாட்டிலே ஒரு வங்கி. அதன் வேலையை ஏற்றது இங்கே ஒரு பெரிய நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஆள் தந்தது ஒரு சிறிய நிறுவனம். அந்தச் சிறிய நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தந்தார் ஒரு தரகர். இத்தனை கைகள் மாறிய பிறகு எஞ்சியதுதான் நண்பரின் ஊதியம். ஒப்பந்தம் பதினோரு மாதம். முடிந்தது. ஐந்து மாதங்களாக அடுத்த ஒப்பந்தம் கிட்டவில்லை. தரகர்கள் பேசுகிறார்கள், தன்விவரக் குறிப்பை வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள், பிறகு மௌனம். அவருடைய அன்னையார் சோதிடரிடம் போய் வந்துவிட்டார். ஏழரைச் சனியாம்! சனிக் கோளுக்கு ஜாவா தெரியுமா, பைத்தான் தெரியுமா என்று கேட்க நா எழுந்தது. மூத்தவரின் மனம் புண்படுமே என்று அடக்கிக்கொண்டோம்.

சனி பிடித்தது உண்மையானால், ஒரே நாளில் பன்னீராயிரம் பேரைப் பிடித்திருக்க வேண்டும். 2025 ஜூலைத் திங்களில், நாட்டின் மிகப் பெரிய கணினிச் சேவை நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்திய மாதமே ஒரு விதியும் வந்தது: ஆண்டில் 225 நாள் வாடிக்கையாளருக்குக் கணக்கெழுதக்கூடிய வேலையில் இருக்க வேண்டும், வேலையின்றிப் ‘பெஞ்சில்’ இருக்கும் நாட்கள் 35ஐத் தாண்டக் கூடாது. நிலைப்பணியாளருக்கே இந்த விதி என்றால், ஒப்பந்தக்காரர் கதி என்ன? அவருக்குப் பெஞ்சும் கிடையாது. நடைபாதைதான்.

சந்தை மந்தம் என்கிறார்கள். மேனாட்டார் செலவைச் சுருக்கிவிட்டார்கள் என்கிறார்கள். செயற்கை அறிவு வந்துவிட்டது என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் மந்தம் என்பது வரும், போகும். வந்தபோது அதன் சுமை எவர் தோளில் இறங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சிரூசேரிக்குப் போகவேண்டியதில்லை. நண்பரின் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் துறைமுகம். அவருடைய பாட்டனார் சுமை தூக்கிய இடம்.

சென்னைக்கு ஒரு காலத்தில் துறைமுகமே கிடையாது. நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே அலை. அலையை வென்றது மசூலாப் படகும், அதைச் செலுத்திய மீனவர் தோள்களும். 1861இல் இரும்புப் பாலம் வந்தது. 1875இல் துறைமுகம் கட்டத் தொடங்கினர். முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிசு ஸ்பிரிங் என்ற பொறியாளர் வடகிழக்கில் புதுவாயில் அமைத்து, கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கும்படி செய்தார். வரலாற்று ஏடுகளில் அவர் பெயர் உண்டு. கரையை ஒட்டி நின்ற கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைச் சுமந்து வந்தவர் பெயர்? தேடிப் பாருங்கள் தோழர்களே, கிடைத்தால் சொல்லுங்கள்.

கப்பல் வேலை ஒழுங்கான வேலையன்று. இன்று நான்கு கப்பல், நாளை ஒன்றுமில்லை. ஆகவே முதலாளிமார் ஓர் எளிய வழி கண்டார்கள். வேலை உள்ள நாளில் கூப்பிடுவது. இல்லாத நாளில் ‘போ’ என்பது. விடியுமுன்னே வாயிலில் கூட்டம் கூடும். மேஸ்திரி வருவார். சுட்டுவிரலை நீட்டுவார்: நீ வா, நீ வா, நீ வேண்டாம். விரல் பட்டவன் வீட்டில் அடுப்பெரியும். படாதவன் வீட்டில் வயிறெரியும். அந்த விரலை வளைக்கக் கூலியில் பங்கு, கையூட்டு, சாதி, சொந்தம் எல்லாம் உதவின. கப்பல் வருவதும் வராததும் கடலைப் பொறுத்ததாக இருக்கலாம். வராத நாளின் பட்டினி கப்பல்காரன் மாளிகைக்கா, சுமைக்காரன் குடிசைக்கா என்பதைக் கடல் தீர்மானித்ததில்லை.

இலண்டனிலும் இதே காட்சிதான். சூரியன் மறையாத பேரரசின் தலைநகரிலே, துறைமுக வாயிலில், ஒரு மணி நேர வேலைக்காக மனிதன் மேல் மனிதன் ஏறி விழுந்தான். 1889 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு ஆறு பென்சு கூலி வேண்டும் என்றனர். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடு என்றும் கேட்டனர்; நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுன் அளவுக்குத் திரட்டி அனுப்பினார்கள். வென்றார்கள். ஆனால் வேலையில்லா நாளுக்கும் ஊதியம் தரும் முழுத் திட்டம் அங்கே வர 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கே, விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், துறைமுகங்களில் இந்த அன்றாடங்காய்ச்சி முறையை ஒழுங்குபடுத்தப் பதிவேடு வேண்டும் என்று 1931இலேயே எழுதிவைத்தது. காகிதம் பதினேழு ஆண்டுகள் உறங்கிற்று. 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் ஐம்பதுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களில் வாரியங்கள் ஏற்பட்டன. அரசு, தொழிலாளர், முதலாளிகள் என முத்தரப்பும் அமர்ந்த வாரியம்.

இந்தத் திட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். முதலில், பதிவேடு: பெயர் உள்ளவனுக்கே வேலை. அடுத்து, சுழல்முறை: மேஸ்திரியின் விரலுக்கு வேலை போயிற்று, முறை வந்தவன் போகிறான். மூன்றாவதாக, மாதத்தில் இத்தனை நாள் கூலி உறுதி, கப்பல் வந்தாலும் வராவிட்டாலும். அதன்மேல், வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்று வேலை கிடைக்காதவனுக்கு வருகைப் படி. வேலை என்று அழைத்துவிட்டுப் பிறகு இல்லை என்று திருப்பியனுப்பினால், அதற்கும் ஒரு படி. ஏமாற்றத்துக்கான படி என்றே அதற்குப் பெயர்! ஏழையின் ஏமாற்றத்துக்கு விலை உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டதைக் காண்கிறோம். இதற்கெல்லாம் பணம்? வேலை வாங்கிய முதலாளிகள் கூலியின் விகிதத்தில் வாரியத்துக்குச் செலுத்திய தீர்வை.

சும்மா கிடைத்ததா? சங்கம் கேட்டது, கிடைத்தது. யாழ்ப்பாணத்திலே பிறந்து சென்னைத் தொழிலாளரின் தலைவராக வளர்ந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை, வடசென்னை மக்கள் 1957இல் நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள்.

குறையே இல்லாத திட்டம் என்று நாம் புளுகமாட்டோம். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் வெளியே நின்றான். அவனுக்குப் பழைய விதிதான். உள்ளே இருப்பவனுக்குக் கோட்டை, வெளியே இருப்பவனுக்கு அகழி. இந்தக் குறையைக் காட்டித்தான் பின்னாளில் கோட்டையை இடித்தார்கள். அகழியைத் தூர்த்தார்களா என்றால், இல்லை.

1983இல் சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. நூறு பேர் இறக்கிய சரக்கை ஒரு பாரந்தூக்கி இறக்கிற்று. பொறியைப் பழிக்கும் பழமைவாதிகள் அல்லர் நாம். முதுகெலும்பு முறியும் வேலையைப் பொறி ஏற்பது நன்றே. மிச்சமான கூலி யார் பைக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி. 1989இல் இங்கிலாந்து தன் திட்டத்தை ஒழித்தது; இலண்டன் வேலைநிறுத்தத்துக்குச் சரியாக நூறாவது ஆண்டு! 1997இல் இந்தியப் பெருந்துறைமுகங்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாதபடி செய்ய இன்னொரு சட்டம் வந்தது. வாரியத்துத் தொழிலாளர் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டனர். 2001இல் பெட்டக முனையம் தனியார் கைக்குப் போயிற்று.

கோட்டை இடிந்த அதே காலத்திலேதான், 2000ஆம் ஆண்டில், தரமணியிலே டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வடசென்னை இளைஞர் தெற்கு நோக்கிப் பயணம் தொடங்கினர். இன்று தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர் நிலையத்தில் மெட்ரோ ஏறிப் போகிறார்கள். குளிர்பதன அறை, ஆங்கிலப் பேச்சு, கழுத்திலே அட்டை. தொழிலாளி என்று அழைத்தால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. நிறுவனம் அவர்களை ‘ரிசோர்ஸ்’ என்கிறது. அதாவது நிலக்கரி போல ஒரு வளம்! அதற்குக் கோபம் வரக் காணோம்.

ஆனால் அவர்களும் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்த்தார்கள். 2015 ஜனவரியில், வேலைநீக்கம் செய்யப்பட்ட கருவுற்ற பெண் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றார். 2016இல், அப்போது நடப்பிலிருந்த தொழில் தகராறுச் சட்டம் கணினித் துறைக்கும் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. தடை ஏதுமில்லை என்று தெரிந்தும், சங்கத்தில் சேர்ந்தவர் மிகச் சிலரே. அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம்!

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். அவர் எழுந்து போய், பரண்மேலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பாட்டனாரின் வருகை அட்டையைக் கொண்டுவந்தார். அவர் அதை அதுவரை படித்ததில்லை. நாட்களுக்கெதிரே குறிகள், வேலை இல்லாத நாட்களும் அதில் பதிவாகியிருந்தன. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“வேலையில்லாத இந்த நாளுக்கும் கூலி கொடுத்தானா?” என்று கேட்டார்.

கொடுத்தான் என்றோம்.

“என்னுடைய ஐந்து மாதத்தை எவன் எழுதி வைத்திருக்கிறான்?” என்றார்.